ஐந்தாவது பெட்டி

எங்கள் படகில் இதுவரை நான்கு பாட்டுப் பெட்டிகள் செத்திருக்கின்றன. ஒன்று கடலில் விழுந்தது. ஒன்றை உப்புத் தின்றது. ஒன்றை நானே கொன்றேன். ஒன்று தன் பெற்றரி வீங்கித் தானே பிளந்துபோனது. இப்போது ஓடுவது ஐந்தாவது. இருந்ததிலேயே விலை குறைந்தது, பார்க்கவும் அசிங்கமானது. ஆனால் இரண்டு கச்சான் காற்றுக் காலத்தைத் தாண்டிவிட்டது.

புதிதாகப் படகு எடுக்கிற பெடியள் எங்கள் மீன்வாடிக்கு வந்து, "அண்ணை, போட்டுக்கு என்ன செற் நல்லது?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முழுக்கதையும் சொல்லப் பொறுமை இல்லை. ஒருமுறை எழுதிவிட்டால் வேலை மிச்சம்.

நாங்கள் முல்லைத்தீவுக் கரையில் தொழில் செய்கிறவர்கள். 23 அடி பைபர் படகு, 25 குதிரைவலு மண்ணெண்ணெய் என்ஜின், ஆட்கள் மூன்று பேர்: நான், மச்சான், மாமா. பின்னேரம் வெளிக்கிட்டால் விடியத்தான் கரை. போகும்போதும் வரும்போதும் என்ஜின் சத்தத்தில் பேச்சே கேட்காது. நடுவில் வலையை விட்டுவிட்டு நான்கைந்து மணித்தியாலம் கிடக்கவேண்டும். என்ஜினை நிப்பாட்டி, விளக்கு ஒன்றை மட்டும் எரியவிட்டு, இருட்டில் ஆடிக்கொண்டு கிடக்கிற அந்த நேரத்துக்குத்தான் பாட்டு. 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறிய பிறகு அந்த நேரம் இன்னும் நீண்டுவிட்டது. முன்பு இடம் சரிவரவில்லை என்றால் என்ஜினை இழுத்து வேறு பக்கம் ஓடுவோம். அந்த விலைக்குப் பிறகு விட்ட இடத்திலேயே கிடந்து பார்ப்பதுதான்.

பாட்டுக்கும் மின்சாரத்துக்கும் உள்ள கணக்கு வன்னியில் வளர்ந்த என் வயதுக்காரருக்குப் புதிதில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது ரேடியோவுக்குப் போடுகிற சின்னப் பெற்றரிகூட இந்தப் பக்கம் வராது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற மின்சாரத்தில்தான் ரேடியோ. அந்த டைனமோ 6 வோல்ட், 3 வாட். வருவதும் ஆடலோட்டம், அதாவது ஏசி, அதனால் நடுவில் டயோட்டுகள் வைத்து நேராக்கவேண்டும். அப்பா பிபிசி தமிழோசை கேட்பார். நானும் தங்கச்சியும் முறை வைத்துச் சுற்றுவோம். செய்தி முடிந்ததும் கூலியாக ஒரு பாட்டு. கை களைத்துச் சுற்று குறைந்தால் பாடுகிறவர் குரலும் களைத்துவிடும். இது ஏன் சொல்கிறேன் என்றால், கடலில் என்ஜின் நின்ற பிறகு படகும் அந்தக் கவிழ்த்துவைத்த சைக்கிள்தான். எதிலிருந்து பாட்டு வருகிறது என்பதைவிட, பாட்டுக்கு எதிலிருந்து மின்சாரம் வருகிறது, அதே மின்சாரத்தை வேறு எது எதிர்பார்த்திருக்கிறது என்பதுதான் கேள்வி. இதைப் புரிய எனக்கு நான்கு பெட்டி போனது.

முதல் பெட்டி என் போன். எல்லாரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். பாட்டும் அதற்குள்ளே, ஸ்பீக்கரும் அதற்குள்ளே, தனியாகக் காசும் இல்லை. கரையிலிருந்து கொஞ்சத் தூரம் போனதும் சிக்னல் போய்விடும், இணையத்தில் கேட்கிற பாட்டு அத்தோடு நின்றுவிடும். சரி, இறக்கி வைத்துக் கேட்போம் என்று பார்த்தால், மாதச் சந்தா கட்டுகிற செயலிகளில் இறக்கிய பாட்டு உங்களுடையதில்லை. ஸ்பொட்டிஃபை போன்றது 30 நாளைக்கு ஒருமுறையாவது இணையத்துக்கு வந்து முகம் காட்டச் சொல்லும். காட்டாவிட்டால் இறக்கியது ஓடாது. கோப்பாகக் கையில் இருக்கிற பாட்டு யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.

அதைவிடப் பெரிய தொல்லை விரல். மீன் கழற்றிய கையில் வழும்பலும் செதிலும் உப்புத்தண்ணீரும் இருக்கும். அந்தக் கையோடு தொடுதிரையைத் தொட்டால், அது தொட்ட இடத்தை விட்டுவிட்டு மற்ற எல்லாம் செய்யும். பாட்டை நிப்பாட்டப் போய் ஒருநாள் நடுச்சாமத்தில் கொழும்பில் இருக்கிற மீன் வியாபாரிக்கு அழைப்பு எடுத்துவிட்டேன். பொலித்தீன் பைக்குள் போட்டுப் பார்த்தேன். பைக்கு வெளியே தண்ணீர் பட்டாலும் திரைக்கு அதே மயக்கந்தான்.

ஆனால் போனைப் பாட்டுக்குப் பாவிப்பதை நிப்பாட்டியது இதனால் இல்லை. ஒரு விடியப்புறம் என்ஜின் எடுக்கவில்லை. பிளக்கைக் கழற்றித் துடைத்தோம், மாற்றினோம், மூன்று பேரும் மாறி மாறிக் கயிறிழுத்தோம், கதை நடக்கவில்லை. படகு நீரோட்டத்தோடு தெற்கே போய்க்கொண்டிருந்தது. கரை கிட்டத்தான், சிக்னல் ஒரு கோடு இரண்டு கோடு வந்து வந்து போகிறது. வேறு படகைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தால் நான்கு வீதம் நிற்கிறது. இரவு முழுக்கப் பாடியிருக்கிறது. சித்தப்பா மகனுக்கு ஒரே அழைப்பு. "செம்மலைக்கு நேரே" என்று சொல்லி முடிக்கவும் திரை கறுத்தது. அவன் வந்து கயிறு போட்டு இழுத்துவந்தான், அது வேறு கதை. அந்த நான்கு வீதம் பூச்சியமாக இருந்திருந்தால் என்று மாமா ஒருவார்த்தையும் கேட்கவில்லை. கேட்காததுதான் உறைத்தது. அதே போன் அடுத்த மாதம் வலை இழுக்கும்போது சட்டைப் பையிலிருந்து வழுக்கிக் கடலுக்குப் போனது. அப்போது பாட்டு ஓடிக்கொண்டிருக்கவில்லை என்பது ஒரு ஆறுதல்.

இரண்டாவது, கார் செற். மச்சானின் யோசனை. நல்லதைச் செய்ய நினைத்துத்தான் சொன்னான். பழைய வாகனம் ஒன்றில் கழற்றியது, ஸ்பீக்கர் இரண்டோடு மலிவாக வந்தது. முகப்பில் 50 வாட் பெருக்கல் 4 என்று எழுதியிருந்தது. அந்த எழுத்தை நம்பாதீர்கள். 12 வோல்ட்டில் ஓடுகிற சாதாரண செற் ஒரு ஸ்பீக்கருக்குத் தொடர்ச்சியாக 20 வாட் அளவுக்கு மேல் கொடுக்காது. மிச்சமெல்லாம் ஒரு கணத்து உச்சத்தை வைத்துப் போடுகிற கணக்கு. அந்த 20 வாட் கிடைத்தாலும் காரில் கேட்ட பாட்டு படகில் கேட்காது. காருக்குச் சுவரும் கூரையும் இருக்கின்றன, சத்தம் உள்ளேயே முட்டித் திரும்பும். திறந்த படகில் முட்ட ஒன்றுமில்லை. முதலில் தொலைவது மேளமும் அடிக்கட்டைச் சத்தமும். வெறும் தகரக் குரல்தான் மிஞ்சும்.

மின்சாரக் கணக்கு இன்னும் மோசம். எங்களிடம் இருந்தது விளக்குக்கான 12 வோல்ட், 7 அம்பியர்-மணி மூடிய பெற்றரி. கணினி யூபிஎஸ்ஸுக்குள் இருக்குமே, அதே வகை. ஈயப் பெற்றரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால், கணக்கில் மூன்றரை அம்பியர்-மணிதான் நம்முடையது. 5 வாட் எல்இடி விளக்கு 0.4 அம்பியர் எடுக்கும். எட்டு மணித்தியாலத்துக்குக் குறையாமல் எரியும். அதோடு ஒன்றரை அம்பியர் இழுக்கிற செற்றைச் சேர்த்தால் இரண்டு மணித்தியாலம்கூட இல்லை. நாங்கள் இந்தக் கணக்கைப் பிறகுதான் போட்டோம். முதலில் நடந்தது, விளக்கு மங்கியது. இருட்டில் விளக்கில்லாத படகு மற்றவன் படகுக்குக் கண்ணுக்குத் தெரியாத பாறை மாதிரி. அன்று பாட்டை நிப்பாட்டி, கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை முறைபோட்டு இருந்தோம்.

இன்னொன்றும் கண்டோம். காற்றடித்து ஒரு கிழமை தொழிலுக்குப் போகாமல் இருந்து, பிறகு வந்து பார்த்தால் பெற்றரி பாதி. யாரும் தொடவில்லை. வயர் வேலை தெரிந்த பெடியன் ஒருவன்தான் காட்டினான்: கார் செற்றில் மஞ்சள் வயர், சிவப்பு வயர் என்று இரண்டு. சிவப்பு சாவியோடு போகிறது. மஞ்சள் மணிக்கூட்டையும் நினைவையும் வைத்திருக்க எப்போதும் கொஞ்சம் குடித்துக்கொண்டே இருக்கும். 20 மில்லி அம்பியர்தான் என்றாலும் ஏழு நாளைக்குக் கணக்குப் போட்டால் மூன்று அம்பியர்-மணிக்கு மேல் வருகிறது. இரண்டையும் ஒன்றாக்கி நடுவில் ஒரு ஆளியும் (சுவிட்ச்) பியூஸும் போட்டால் சரி. மணிக்கூடு ஒவ்வொரு நாளும் பன்னிரண்டில் தொடங்கும், தொடங்கட்டும். கடலில் கார் செற்றைப் பார்த்து நேரம் அறிகிறவன் யார்?

இந்தச் செற்றை நான் மன்னிக்காததற்குக் காரணம் வேறு. ஸ்பீக்கர் ஒன்றை நான் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில், திசைகாட்டிக்கு ஒரு சாண் தள்ளிப் பூட்டியிருந்தான் மச்சான். ஸ்பீக்கரின் முதுகில் இருப்பது நல்ல பலமான காந்தம். நாங்கள் வழக்கமாக ஜிபிஎஸ் பார்த்துத்தான் ஓடுவோம், திசைகாட்டி காவலுக்கு. ஒரு மூடுபனிக் காலை ஜிபிஎஸ் பெற்றரி இறங்கிவிட, திசைகாட்டியை நம்பி ஓடினோம். பனி விலகியபோது தெரிய வேண்டிய கோபுரம் தெரியவில்லை. எவ்வளவு பிசகியது என்று பிறகு வாடியில் வைத்து ஸ்பீக்கரைக் கிட்டக் கொண்டுபோயும் தள்ளியும் பார்த்தோம். முள் பத்துப் பாகைக்கு மேல் ஆடியது. பத்துப் பாகை பெரிதா என்று கேட்பீர்கள். பத்துக் கிலோமீற்றர் ஓடினால் ஒன்றே முக்கால் கிலோமீற்றர் பக்கத்தே போய் நிற்பீர்கள். அந்த நாளிலிருந்து காந்தம் உள்ள எதுவும் திசைகாட்டிக்கு ஒரு மீற்றருக்குள் வரக்கூடாது என்பது எங்கள் படகின் சட்டம். போன், புளூடூத் பெட்டி, காந்தம் வைத்த போன் உறை எல்லாம் சேர்த்துத்தான்.

அப்புறம் உப்பு வந்தது. காகிதக் கூம்பு வைத்த ஸ்பீக்கர் மூன்று மாதத்தில் ஊறிய அப்பளமாயிற்று. செற்றின் உள்ளே செம்புப் பாதைகளில் பச்சை பூத்தது. படகுக்கென்றே செய்கிற செற்றுகளில் உள்பலகைக்கு மெல்லிய பூச்சு பூசியிருப்பார்கள், கூம்பும் பிளாஸ்டிக்காக இருக்கும். காசுள்ள பெரிய படகுக்காரர், கூரையும் அறையும் உள்ளவர்கள், அதை வாங்கலாம், குறை சொல்லமாட்டேன். எங்களைப் போல் திறந்த படகில் ஒருநாள் தொழில் செய்கிறவனுக்கு அது விளக்குமாற்றுக்குப் பட்டுக் குஞ்சம்.

மூன்றாவது பெட்டியை வெளிநாட்டிலிருந்து வந்த அக்கா கொண்டுவந்து தந்தா. உருளை வடிவப் புளூடூத் ஸ்பீக்கர், நல்ல பெயருள்ளது. இதைப்பற்றி எனக்குக் குறை இல்லை. சத்தம் திறம், தனக்குள் பெற்றரி, விளக்கின் மின்சாரத்தில் கை வைக்காது. அட்டையில் ஐபிஎக்ஸ்7 என்று இருந்தது. ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணித்தியாலம் தாங்கும் என்பது அதன் பொருள். ஆனால் அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது, உப்புத்தண்ணீரைப் பற்றி அந்த எழுத்து ஒன்றும் சொல்வதில்லை. ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான், படகுக்குப் போதாது. புளூடூத்தின் அலை தண்ணீரை ஊடுருவாது, மனித உடம்பும் பாதிக்கு மேல் தண்ணீர்தான். போன் மச்சானின் காற்சட்டைப் பையில், பெட்டி படகின் முன்பக்க அணியத்தில், நடுவில் மாமா எழும்பி நின்றால் பாட்டு வெட்டி வெட்டி வரும். "மாமா, கொஞ்சம் குனியுங்கோ" என்று ஒருமுறை மச்சான் சொல்லி வாங்கிய ஏச்சு எழுதத்தக்கதல்ல.

அதைக் கொன்றது நான். கரைக்கு வந்து, வெளிப்பக்கத்தைத் துணியால் துடைத்துவிட்டு, சார்ஜ் துளையின் ரப்பர் மூடியைத் திறந்து வயரைச் செருகினேன். துளைக்குள் ஒரு சொட்டு உப்புத்தண்ணீர் நின்றிருக்கிறது. உப்புத்தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்தால் உலோக முனைகள் கண்முன்னே கரையும். மூன்றாம் நாள் துளைக்குள் பச்சையும் கறுப்பும். மாமா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உப்புத் தண்ணியில விளக்கெரியிறது வற்றாப்பளை அம்மனிட்ட மட்டுந்தான் மருமோன்."

இப்போது என் வழக்கம் இது. கரைக்கு வந்ததும் மூடிகளைத் திறக்காமல் கிணற்றுத் தண்ணீரில் ஒரு கழுவல். உலர்ந்த துணி. பிறகு மூடியைத் திறந்து, துளை கீழே பார்க்கத் தொங்கவிட்டு, காற்றுப் படுகிற இடத்தில் பின்னேரம் வரை. அதற்குப் பிறகுதான் சார்ஜ். அரிசிக்குள் புதைக்கச் சொல்கிறார்கள். அரிசித் தூள் துளைக்குள் போவதுதான் மிச்சம், மின்விசிறிக் காற்று அதைவிட நல்லது. 2022 பங்குனியில் 13 மணித்தியாலம் மின்சாரம் வெட்டிய நாட்களில் வாடிக் கூரையில் சின்னச் சோலார் தகடு ஒன்று போட்டோம். இன்றைக்கும் பெட்டி அதில்தான் ஏறுகிறது.

சத்தத்துக்கு மீன் ஓடுமா என்ற வழக்கு எங்கள் படகில் தீர்ந்தபாடில்லை. மாமா ஒரு பக்கம், நானும் மச்சானும் மறுபக்கம். "உந்தப் பாட்டை நிப்பாட்டு மருமோன், மீனுக்கும் காது இருக்கு" என்பார். அவர் இளவயதில் நந்திக்கடலில் தடியால் தண்ணீரை அடித்து மீனை வலைக்குக் கலைத்த மனிதர். காற்றில் வருகிற சத்தத்தில் ஏறக்குறைய எல்லாமே தண்ணீரின் மேற்பரப்பில் பட்டு மேலேயே திரும்பிவிடும், உள்ளே போவது மிகக் கொஞ்சம் என்பது உண்மை. அதைச் சொல்லித்தான் வாதாடினேன். ஆனால் மாமா வாதாடவில்லை. பெட்டியைப் படகின் தட்டில் வைத்து, என் கையைப் பிடித்துப் படகின் பக்கச் சுவரில் வைத்தார். பைபர் முழுக்க அதிர்ந்தது. அந்த அதிர்வு நேரே தண்ணீருக்குப் போகிறது. அதற்கு மேற்பரப்புத் தடை இல்லை. நான் வாயை மூடிக்கொண்டேன். மீன் ஓடுகிறதோ இல்லையோ, அன்றிலிருந்து பெட்டி தட்டில் இருப்பதில்லை, கயிற்றில் தொங்குகிறது. வலை விடும்போதும் இழுக்கும்போதும் பாட்டு இல்லை.

இழுக்கும்போது பாட்டு இல்லை என்பதற்கு மீன் மட்டும் காரணமில்லை. மச்சான் கொஞ்சக்காலம் இரண்டு காதிலும் இயர்போன் செருகிக்கொண்டு வலை இழுத்தான். எனக்குப் பின்னால் அலை ஏறுவதைப் பார்த்து மாமா கத்தியது எனக்குக் கேட்டது, அவனுக்குக் கேட்கவில்லை. ஓடுகிற வலைக்கயிறு அவன் கணுக்காலில் ஒரு சுற்றுப் போட்டுவிட்டது. நான் கத்தியை எடுத்துக் கயிற்றை வெட்டினேன். வலையில் ஒரு துண்டு போனது, காலில் தழும்பு இருக்கிறது. அவன் அந்த இயர்போனைத் தானே கழற்றிக் கடலில் எறிந்தான். அதை நான் செத்த பெட்டிகளின் கணக்கில் சேர்ப்பதில்லை.

நான்காவதிலிருந்துதான் புத்தி வந்தது. சந்தியில் விற்கிற சின்ன எஃப்.எம். ரேடியோ, மெமரி காட், யூஎஸ்பி இரண்டும் போடலாம், முன்னால் பெரிய பெரிய பொத்தான்கள். கிழவர்கள் தேநீர்க் கடையில் வைத்திருப்பார்களே, அதுதான். வாங்கியபோது வெட்கமாக இருந்தது. போட்டுப் பார்த்ததும் தெரிந்தது, படகுக்கு வேண்டியது இதுதான். வழும்பல் கையால் அமுக்கலாம், இருட்டில் தடவிப் பார்த்தே அடுத்த பாட்டுக்குப் போகலாம், போன் தேவையில்லை, விளக்குப் பெற்றரி தேவையில்லை. குறை ஒன்று: பழைய நொக்கியா போனில் வந்த பிஎல்-5சி வகைத் தட்டைப் பெற்றரியின் மலிவு நகல் உள்ளே இருந்தது. வெயிலில் கிடந்து வீங்கி, முதுகுப் பலகையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. வீங்கிய லித்தியம் பெற்றரியைக் குத்தவோ திருப்பிச் சார்ஜ் போடவோ கூடாது. மண்ணெண்ணெய்க் கான் இருக்கிற படகில் அதை ஒரு நிமிடமும் வைத்திருக்கக் கூடாது.

ஆகவே ஐந்தாவதை வாங்கும்போது ஒன்றைத்தான் பார்த்தேன்: கழற்றி மாற்றக்கூடிய 18650 வகைப் பெற்றரி போடுகிறதா? 18 மில்லிமீற்றர் தடிப்பு, 65 மில்லிமீற்றர் நீளம் என்பதால் அந்தப் பெயர். வாங்கும்போது மேலே 9,900 மில்லி அம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்த அளவு உருளைக்குள் 3,500க்குக் கிட்டத்தான் உச்சம். நல்லது கையில் கொஞ்சம் கனமாக, 45 கிராம் அளவில் இருக்கும். பொய்யானது இலேசாக இருக்கும். கடைக்காரரிடம் தராசு இருந்தால் வைத்துப் பாருங்கள், அவர் முகம் மாறுவதும் ஒரு வேடிக்கை. என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்று பெட்டிக்குள், மற்றது மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில். ஒன்று ஒரு இரவுக்குத் தாராளம்.

3 வாட் ஸ்பீக்கர்தான். போதுமா என்று கேட்கிறார்கள். சத்தம் காதுக்கு இருமடங்காகத் தெரியவேண்டும் என்றால் வாட்டைப் பத்து மடங்காக்க வேண்டும். அதற்குப் பெற்றரிக்கு எங்கே போவது? ஆனால் திறந்தவெளியில் காதுக்கும் பெட்டிக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால், வாட்டை நான்கு மடங்காக்கியதற்குச் சமன். நாங்கள் செய்தது அதுதான். பாய்மரத்துக்குப் போடுகிற மாதிரி ஒரு குழாய் நட்டு, மூன்று பேரும் சாய்ந்து கிடக்கிற இடத்துக்கு நேரே தலைக்கு மேல் தொங்கவிட்டோம். என்ஜின் ஓடும்போது கேட்காது. அப்போது கேட்கவும் தேவையில்லை. பெட்டியின் முதுகில் ரெஜிபோம் என்கிற வெள்ளைத் தக்கைத் துண்டொன்றை வைத்துக் கட்டி, மேலே செம்மஞ்சள் பட்டி சுற்றியிருக்கிறேன். அதனால்தான் அசிங்கம். வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன், மிதக்கிறது.

மெமரி காட் பிரச்சினை ஒன்று உண்டு, பெடியள் அடிக்கடி கேட்பது. 64 ஜிபி காட் வாங்கிப் போட்டால் பெட்டி படிக்காது. அந்த அளவுக் காட்டுகள் கடையிலிருந்து எக்ஸ்ஃபாட் என்கிற கோப்பு முறையில் வருகின்றன, மலிவுப் பெட்டிகளுக்குத் தெரிந்தது ஃபாட் 32 மட்டும். 32 ஜிபி காட் வாங்கினால் தலையிடி இல்லை. அது சின்னது என்று நினைக்கவேண்டாம். 128 கிலோபிட் எம்.பி.3 நிமிடத்துக்கு ஒரு மெகாபைட் அளவுதான்; ஐந்து நிமிடப் பாட்டுகள் ஆறாயிரம் பிடிக்கும். 320 கிலோபிட்டில் போட்டுத் தா என்று மச்சான் கேட்டான். 3 வாட் ஸ்பீக்கரில், அலை அடிக்கிற சத்தத்தில் வித்தியாசம் கேட்டால் என் பங்கு மீனை அவனுக்குத் தருகிறேன் என்றேன். இன்றுவரை என் பங்கு என்னிடம்தான்.

இந்தப் பெட்டிகள் பாட்டைப் பெயர் வரிசையில் பாடுவதில்லை, மெமரி காட்டில் எந்த வரிசையில் ஏறியதோ அந்த வரிசையில் பாடும். அதனால் எல்லாவற்றையும் ஒரேயடியாக இழுத்துப் போடாமல், விருப்பமான ஒழுங்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். முக்கியமாக முதல் பாட்டை யோசித்துப் போடுங்கள். பெற்றரி ஒரு குலுக்கலில் விட்டு ஒட்டினால் என்னுடையது திரும்பவும் முதல் பாட்டிலிருந்து தொடங்குகிறது. நான் யோசிக்காமல் போட்டது ஒரு தாலாட்டு. பக்கத்துப் படகுக்காரர் எங்களுக்கு வைத்த பெயர் "ஆராரோ போட்".

ரேடியோவை மறந்துவிடாதீர்கள். எஃப்.எம். கரையைவிட்டு விலக விலக மங்கும், அது பார்வைத் தூரத்து அலை. மத்திய அலையும் எடுக்கிற பெட்டி என்றால் இரவில் வேறு உலகம். பகலில் அந்த அலைகளை உறிஞ்சுகிற வானத்து அடுக்கு ஒன்று சூரியன் போனதும் கலைந்துவிடும், தமிழ்நாட்டு நிலையங்கள் பக்கத்து வீடு மாதிரிக் கேட்கும். என்ஜின் ஓடினால் பிளக்கின் பொறி அதற்குள் கறகறக்கும், நின்றதும் தெளிவு. காட் போடத் தெரியாத மாமாவுக்கு இது மட்டும் நன்றாகத் தெரியும். முள்ளை ஒரு நூல் திருப்பி, காதைச் சாய்த்து, பிடித்துவிடுவார். அப்பா தமிழோசை பிடித்த அதே கை அசைவு.

வாடைக் காற்றுத் தொடங்கினால் படகைக் கரையேற்றிவிடுவோம். பெட்டி வீட்டுக்குப் போகும், வீட்டில் குசினி அலுமாரிக்கு மேல் அதற்கு ஒரு இடம் உண்டு. போன தை மாதம் திருப்பி எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனேன். வலையை விட்டு, என்ஜினை நிப்பாட்டி, பொத்தானை அமுக்கினால் என் பழைய பாட்டுகளில் பாதியைக் காணவில்லை. தாலாட்டு இருந்த முதல் இடத்தில் என் மனைவியின் குரல், மகளின் போனில் பதிந்தது: "கரைக்கு வந்தவுடனே பெட்டியைக் கழுவுங்கோ. கழுவாமல் சார்ஜ் போடவேண்டாம்." பெற்றரி விட்டு ஒட்டுகிற ஒவ்வொரு தடவையும் நடுக்கடலில் அது சொல்கிறது. அழிக்கலாம் என்றால் மாமா விடுகிறார் இல்லை.